தண்டர்பேர்ட் மெயில்: கடையில் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள்

மார்த்தாண்டம் பக்கம் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற கடை வைத்திருக்கிறேன். மெயிலுக்குத் தனியாக ஒரு மென்பொருள் வேண்டும் என்று வருகிறவர்களுக்குத் தண்டர்பேர்ட் போட்டுக் கொடுப்பது வழக்கம். முந்திரி ஏற்றுமதி ஆபீஸ், ரப்பர் ஷீட் வியாபாரி, ஆடிட்டர், சபை அலுவலகம், கன்னியாகுமரி லாட்ஜ் என்று பலரும் உண்டு. போட்டுக் கொடுத்த மறுநாளே போன் வரும். குளச்சலில் இருந்து வந்தாலும் குலசேகரத்தில் இருந்து வந்தாலும் சந்தேகம் என்னவோ ஒன்றுதான். அவற்றை, கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே இங்கே எழுதி வைக்கிறேன்.

முக்கால்வாசிக் கேள்விக்கு அடியில் கிடப்பது ஒரே விஷயம்: மெயில் இப்போது எங்கே இருக்கிறது? சர்வரிலா (ஜிமெயில் மாதிரி மெயில் தருகிற கம்பெனியின் கம்ப்யூட்டர்), உங்கள் ஹார்ட் டிஸ்கிலா, இரண்டிலுமா? அது பிடிபட்டால் எனக்கு வருகிற போன் பாதியாகக் குறையும்.

இது என்னவாக்கும்? ஜிமெயில் மாதிரி வேற ஒரு மெயிலா?

இல்லை. இதைப் போட்டால் புது முகவரி எதுவும் கிடைக்காது. உங்களிடம் ஏற்கெனவே இருக்கிற ஜிமெயிலோ யாஹூவோ ஆபீஸ் முகவரியோ, அதற்கு வருகிற கடிதங்களைக் கம்ப்யூட்டரில் இறக்கிப் படிக்கவும் பதில் எழுதவும் உதவுகிற மென்பொருள். ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரை வெளியிடுகிற மொசில்லாவின் வீட்டுப் பிள்ளை. முதல் முழுப் பதிப்பு 2004 டிசம்பரில் வந்தது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஆண்ட்ராய்டு போனுக்கும் 2024 அக்டோபரில் ஒன்று வந்தது. இங்கே நான் சொல்வதெல்லாம் கம்ப்யூட்டரில் ஓடுவதைப் பற்றி.

பைசா உண்டா? ஒரு வருசம் கழிச்சு கேப்பாங்களா?

கேட்க மாட்டார்கள். இது கட்டற்ற மென்பொருள். இதன் நிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், மாற்றலாம், பகிரலாம். 2020 முதல் மொசில்லா அறக்கட்டளையின் கீழ் ஒரு தனி நிறுவனம் இதை நடத்துகிறது. செலவின் பெரும்பகுதி பயன்படுத்துகிறவர்கள் தரும் நன்கொடையில் ஓடுகிறது. அவ்வப்போது 'நன்கொடை தாருங்கள்' என்று ஒரு பக்கம் திறக்கும். அதை மூடிவிட்டு வேலையைப் பார்க்கலாம். ஒன்றும் நின்று போகாது. நான் வாங்குவது போட்டுக் கொடுக்கிற கூலி மட்டும்.

இலவசம் என்றால் மட்டமாக இருக்கும் என்று நினைப்பவர்கள் நம் ஊரில் நிறைய. களியக்காவிளை தாண்டி நாலு கிலோமீட்டர் போய்ப் பாருங்கள், கேரளத்து அரசுப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கட்டற்ற லினக்ஸில்தான் கம்ப்யூட்டர் படிக்கிறார்கள். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். கூகுளில் தேடினால் மேலே வருகிற விளம்பரத்தை அழுத்தி இறக்காதீர்கள். தண்டர்பேர்டின் சொந்தத் தளத்தில் இருந்தோ, விண்டோஸ் என்றால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இருந்தோ எடுங்கள்.

பிரவுசர்லயே மெயில் பாக்கலாமே, இது எதுக்கு?

ஒரே ஒரு ஜிமெயில், அதுவும் வாரத்தில் நாலு மெயில் என்றால் உங்களுக்கு இது தேவையில்லை. அப்படி வருகிறவர்களை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஆபீஸ் முகவரி ஒன்று, சொந்தம் ஒன்று, ஜிஎஸ்டிக்கென்று ஒன்று என மூன்று நாலு வைத்திருப்பவருக்குத்தான் அருமை தெரியும். எல்லாம் ஒரே ஜன்னலில், ஒன்றிலிருந்து வெளியேறி மற்றதற்குள் நுழைகிற அலைச்சல் இல்லாமல் நடக்கும்.

இன்னொரு காரணம், மெயிலின் ஒரு பிரதி உங்கள் மெஷினிலும் இருக்கும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது எங்கள் பக்கம் நாள்கணக்கில் கரண்டும் இல்லை, டவரும் இல்லை. அப்போது ஒருவருக்கு இன்சூரன்ஸ் காகிதம் அவசரமாகத் தேவைப்பட்டது. அவருடைய லேப்டாப்பில் மிச்சமிருந்த சார்ஜில் தண்டர்பேர்டைத் திறந்து, பழைய மெயிலில் கிடந்த பாலிசி நம்பரைப் பார்த்து ஒரு சிகரெட் அட்டையில் எழுதிக் கொடுத்தேன். நெட் இல்லாமலே படிக்கலாம், பதிலும் எழுதி வைக்கலாம். அது அவுட்பாக்ஸில் காத்திருந்து லைன் வந்ததும் போகும்.

பாஸ்வேர்ட் சரியா அடிச்சாலும் தப்புன்னு சொல்லுது. நேத்து வரைக்கும் போன்ல இதே பாஸ்வேர்ட்தான் அண்ணாச்சி!

பாஸ்வேர்ட் சரிதான், அதைக் கொடுக்கிற இடம்தான் தப்பு. வெளி மென்பொருளில் நேரடியாகப் பாஸ்வேர்டை அடித்து நுழைகிற வழியை கூகுள் 2022 மே மாதத்தில் தனிநபர் கணக்குகளுக்கு மூடிவிட்டது. அவுட்லுக், ஹாட்மெயில் முகவரிகளுக்கு மைக்ரோசாஃப்ட் 2024 செப்டம்பரில் மூடியது. இப்போது 'ஓஆத்2' என்கிற முறை. தண்டர்பேர்டுக்குள் கூகுளின் சொந்தப் பக்கமே திறக்கும். அங்கே நுழைந்து, போனுக்கு வருகிற கேள்விக்கு 'ஆம்' சொன்னால், தண்டர்பேர்டுக்கு ஒரு அனுமதிச் சீட்டு கிடைக்கும். பாஸ்வேர்ட் அதன் கையில் போகவே போகாது.

பழைய கணக்கு திடீரென்று மக்கர் செய்தால், அக்கவுண்ட் செட்டிங்ஸில் சர்வர் செட்டிங்ஸ் போய், 'ஆதென்டிகேஷன் மெத்தட்' என்ற இடத்தில் 'ஓஆத்2' என்று மாற்றுங்கள். மெயில் அனுப்புகிற சர்வருக்கும் தனியாக அதே மாற்றம் வேண்டும். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அப்புறம் 'வருது, ஆனா போவல்ல' என்று போன் வரும். கூகுள் பாஸ்வேர்டை மாற்றினாலும் சீட்டு செல்லாது, ஒருமுறை புதிதாக நுழைய வேண்டும்.

ஐமேப், பாப்-னு ரெண்டு கேக்குதே. எதத் தொடணும்?

ஐமேப். யோசிக்காமல் ஐமேப்.

இரண்டுமே சர்வரில் இருந்து மெயிலை எடுக்கிற முறைகள்தான். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே வருகிற பல பதில்கள் இதில்தான் நிற்கின்றன. ஐமேப்பில் மெயிலின் மூலப் பிரதி சர்வரில் இருக்கிறது. உங்கள் கம்ப்யூட்டரும் போனும் அதன் நிழலைக் காட்டுகின்றன. ஒரு இடத்தில் படித்தால் எல்லா இடத்திலும் படித்ததாக ஆகும். பாப் அப்படியில்லை. அது மெயிலைச் சர்வரில் இருந்து இறக்கி உங்கள் டிஸ்கில் போட்டுவிடும். 'சர்வரிலும் விட்டுவை' என்ற டிக் இருந்தால் அங்கேயும் கிடக்கும், இல்லையென்றால் அழித்துவிடும். நீங்கள் அனுப்பிய மெயிலும் அந்த ஒரு கம்ப்யூட்டரோடு சரி.

தொழில் தொடங்கிய புதிதில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் இரண்டு கம்ப்யூட்டரிலும் ஒரே முகவரிக்குப் பாப் போட்டேன், அந்த டிக்கைப் பார்க்காமல். எது முந்தி சர்வரைத் தட்டியதோ அதற்கு மெயில். பாதி பில் முன் மேசையில், பாதி பில் உள் அறையில். இரண்டு மாதம் கழித்து ஆடிட்டர் கேட்ட பிறகுதான் தெரிந்தது. அவர்கள் இன்றும் என் கடைக்கு வருகிறார்கள் என்பது அவர்களுடைய பெருந்தன்மை.

கம்ப்யூட்டர்ல இடம் வேணும்னு மெயில அழிச்சேன். போன்லயும் காணாமப் போச்சே!

ஐமேப்பில் அப்படித்தான் போகும். மூலத்தை அழித்தால் நிழல் எங்கே நிற்கும்? பதறாமல் டிராஷ் ஃபோல்டரைப் பாருங்கள், ஜிமெயில் என்றால் 30 நாள் அங்கே கிடக்கும்.

கம்ப்யூட்டரில் இடம்தான் பிரச்சினை என்றால் மெயிலை அழிக்கத் தேவையே இல்லை. அக்கவுண்ட் செட்டிங்ஸில் 'சிங்க்ரனைசேஷன்' பகுதியில், இத்தனை நாளுக்குட்பட்டதை மட்டும் இந்தக் கம்ப்யூட்டரில் வைத்துக்கொள் என்று சொல்லலாம். பழையது சர்வரில் பத்திரமாக இருக்கும், திறந்தால் இறங்கி வரும். ஆனால் அதே பக்கத்தில் கீழே, பழைய மெயிலைச் சர்வரில் இருந்தே அழிக்கிற ஒரு வசதியும் உண்டு. அவசரத்தில் அதில் கை வைத்துவிடாதீர்கள்.

ஜிமெயில் 15 ஜிபி நிறைஞ்சாச்சு. மெயில எல்லாம் லோக்கல் ஃபோல்டருக்கு இழுத்துப் போட்டேன், ஆனா ஒரு எம்பி கூட கொறையல்ல. ஏன்?

நல்ல கேள்வி, என்னையே ஒரு சாயங்காலம் முழுக்கச் சுற்றவிட்ட கேள்வி. ஜிமெயிலில் ஃபோல்டர் என்று ஒன்று கிடையாது, எல்லாம் மேலே ஒட்டிய சீட்டு. இன்பாக்ஸ் என்பதும் ஒரு சீட்டுதான். மெயில் படுத்திருப்பது 'ஆல் மெயில்' என்ற ஒரே கிடங்கில். நீங்கள் இன்பாக்ஸில் இருந்து இழுத்தபோது தண்டர்பேர்ட் உங்கள் டிஸ்கில் உள்ள லோக்கல் ஃபோல்டருக்கு ஒரு பிரதியை இறக்கிவிட்டு, அங்கே 'இன்பாக்ஸ்' சீட்டைக் கிழித்தது. ஜிமெயிலின் ஐமேப் செட்டிங்ஸை மாற்றாமல் விட்டிருந்தால் ஜிமெயில் அதை 'ஆர்க்கைவ்' என்று எடுத்துக்கொள்ளும். சரக்கு கிடங்கிலேயே இருக்கிறது.

ஆகவே இறக்கிய பிரதிகள் சரியாகத் திறக்கின்றனவா, அட்டாச்மென்ட் வருகிறதா என்று பத்துப் பதினைந்தைத் திறந்து பாருங்கள். அப்புறம் பிரவுசரில் ஜிமெயில் போய் ஆல் மெயிலில் அந்தக் காலத்து மெயில்களைத் தேடிக் குப்பைக்கு அனுப்பி, குப்பையையும் காலி செய்யுங்கள். அதோடு, அந்த 15 ஜிபி மெயிலுக்கு மட்டுமானது இல்லை; கூகுள் டிரைவும் போட்டோஸும் அதில்தான் பங்கு. கல்யாண வீடியோ ஒன்று டிரைவில் கிடந்தால் ஆயிரம் மெயிலை அழித்தும் பிரயோஜனமில்லை. இழுத்துப் போட்டது இனி உங்கள் டிஸ்கில் மட்டும்தான் இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். பேக்கப்புக்குக் கீழே, புதுக் கம்ப்யூட்டர் கேள்வியைப் பாருங்கள்.

பாப்ல ஆயிரம் மெயில் அழிச்சாச்சு. எனக்க டிஸ்க்ல ஃபைல் சைஸ் அப்படியே நிக்கி.

தண்டர்பேர்ட் ஒரு ஃபோல்டரில் உள்ள மெயில்களையெல்லாம் சேர்த்து ஒரே நீளமான ஃபைலாக வைக்கிறது. 'எம்பாக்ஸ்' என்று பெயர். பற்று வரவு நோட்டில் ஒரு வரியை அடித்துவிட்டால் தாள் சிறுத்தா போகும்? அதே மாதிரி, அழித்த மெயில் அடிக்கப்பட்ட வரியாக உள்ளேயே கிடக்கும். ஃபோல்டர் மேல் ரைட் கிளிக் செய்து 'காம்பாக்ட்' கொடுத்தால் அடித்த வரிகளை விட்டுவிட்டுப் புதிய நோட்டு எழுதும். அது ஓடும்போது மெஷினை அணைக்காதீர்கள்.

சென்னையில இருந்து வந்த தமிழ் லெட்டர் இங்கிலீசும் கமாவுமா கொழம்பிக் கெடக்கு. மெயில் கெட்டுப் போச்சா?

கெடவில்லை. அனுப்பியவர் பாமினியிலோ வானவில்லிலோ அடித்திருக்கிறார். அந்த ஃபாண்டுகள் ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்தியவை. ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் போர்வை விலகி உள்ளே இருக்கிறது தெரியும். அந்த வரிகளைக் காப்பி செய்து, யூனிகோடாக (எல்லாக் கம்ப்யூட்டருக்கும் புரிகிற பொது எழுத்துமுறை) மாற்றுகிற ஏதாவது ஒரு மாற்றியில் ஒட்டினால் தமிழ் வந்துவிடும். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. பழக்கம்தான் இன்னும் விடவில்லை.

வேறொரு வகைக் குழப்பமும் உண்டு. ஆங்கில எழுத்து மாதிரி இல்லாமல், தலையில் கொம்பு வைத்த ஐரோப்பிய எழுத்துகளாக வரும். அது யூனிகோட் மெயிலே, குறியீட்டைத் தப்பாக எடுத்துக்கொண்டிருக்கிறது. 'வியூ' மெனுவில் 'ரிப்பேர் டெக்ஸ்ட் என்கோடிங்' அழுத்திப் பாருங்கள்; பெரும்பாலும் சரியாகும்.

தமிழ் எழுத்து பொடியா இருக்கு மக்ளே, எனக்க கண்ணாடிக்கும் தெரியல்ல.

ரிட்டயர்டு டீச்சர் ஒருவர் கேட்டது. செட்டிங்ஸில் ஃபாண்ட் பகுதியில் 'அட்வான்ஸ்டு' போனால், எந்த எழுத்துக்கு என்று ஒரு பட்டியல் வரும். அதில் 'தமிழ்' எடுத்து நிர்மலா ஃபாண்ட், அளவு 18 வைத்தோம். ஆங்கிலம் பழைய அளவிலேயே நின்றது.

'இணைத்துள்ளேன்'னு எழுதிட்டு ஃபைல வைக்க மறந்து போறேன். இதுக்கு ஏதாச்சும் வழி உண்டுமா?

உண்டு. 'அட்டாச்' போன்ற ஆங்கிலச் சொல்லை மெயிலில் பார்த்தால் தண்டர்பேர்ட் 'ஃபைல் வைக்க மறந்தீர்களா' என்று கேட்கும். தமிழுக்கு அது வாயைத் திறக்காது, நாம்தான் கற்றுக்கொடுக்க வேண்டும். செட்டிங்ஸில் 'கம்போசிஷன்' போய், விடுபட்ட அட்டாச்மென்ட் பற்றிய வரிக்குப் பக்கத்தில் உள்ள 'கீவேர்ட்ஸ்' பொத்தானில் இணைத்துள்ளேன், இணைப்பில், இணைப்பு என்று நீங்கள் எழுதுகிற வடிவத்திலேயே ஒவ்வொன்றாகச் சேருங்கள். சபை அலுவலகத்தில் ஒருவர் 'கண்டுகொள்ளவும்' என்பதையும் சேர்த்திருக்கிறார். அவருக்கு அது வேலை செய்கிறது.

ஃபைல் 9 எம்பிதான், லிமிட் 10 எம்பின்னு சொல்லுறாங்க. பின்ன ஏன் திரும்பி வருது?

மெயிலில் ஃபைல் அப்படியே போகாது. எழுத்துகளாக மாற்றித்தான் போகும். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊதிவிடும். உங்கள் 9 எம்பி வழியில் 12-க்கு மேல் ஆகிவிட்டது. 10 எம்பி எல்லை வைத்த சர்வருக்கு 7 எம்பிக்குள் அனுப்புங்கள். ஸ்கேன் செய்யும்போதே 600 டிபிஐ வைக்காமல் 200 வைத்தால் பட்டா, பத்திரம் எல்லாம் தெளிவாகப் படிக்கிற மாதிரியே வரும்.

துபாய்ல இருந்து வேலை லெட்டர் வந்திருக்கு. கம்பெனி பேரு, முத்திரை எல்லாம் இருக்கு. நெஜமான்னு பாத்துச் சொல்லுங்க சாரே.

மாதம் ஒருவராவது இதோடு வருகிறார். வீட்டில் நகையை எடுத்து வைத்துவிட்டுத்தான் வருகிறார்கள். முத்திரையை யாரும் ஒட்டலாம். முதலில் அனுப்பியவர் பெயரை விட்டு, அதன் பக்கத்தில் உள்ள முழு முகவரியைப் பாருங்கள். பெரிய எண்ணெய்க் கம்பெனி ஜிமெயிலில் இருந்து வேலை தராது. 'ரிப்ளை' அழுத்தி, பதில் எந்த முகவரிக்குப் போகிறது என்று பாருங்கள். வந்த முகவரி ஒன்று, போகிற முகவரி வேறு என்றால் அங்கேயே நின்றுவிடலாம். இன்னும் சந்தேகம் என்றால் கண்ட்ரோலும் யூவும் சேர்த்து அழுத்துங்கள், மெயிலின் உள்பக்கம் திறக்கும். அதில் எஸ்பிஎஃப், டிகேஐஎம் (முகவரி நிஜமா என்று சோதிக்கிற முறைகள்) என்ற வரிகளுக்கு எதிரே 'ஃபெயில்' என்றிருந்தால் அந்த முகவரியே பெரும்பாலும் வேடம்தான். 'பாஸ்' என்றிருந்தாலும் அந்த முகவரியின் சர்வரில் இருந்து வந்தது என்று மட்டுமே பொருள், ஆள் நல்லவன் என்று பொருளில்லை.

படங்கள் வராமல் 'ரிமோட் கன்டென்ட்' என்று ஒரு பட்டை நிற்பதும் இதற்காகத்தான். படத்தை இறக்கினால் நீங்கள் மெயிலைத் திறந்தது அனுப்பியவனுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தவர் மெயில் என்றால் மட்டும் அனுமதியுங்கள். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். பைசா கொடுக்கும் முன் பாருங்கள்.

கடையில நாலு பேரு இருக்க கம்ப்யூட்டர். பிரைமரி பாஸ்வேர்ட் வச்சா எனக்க மெயில யாரும் பாக்க மாட்டாங்கல்லா?

பார்க்கலாம். பிரைமரி பாஸ்வேர்ட் பூட்டுவது சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளை மட்டும். ஏற்கெனவே டிஸ்கில் இறங்கிய மெயில் பூட்டப்படாது. விண்டோஸில் ஆளுக்கு ஒரு யூசர் வைத்து, எழுந்து போகும்போது ஸ்கிரீனைப் பூட்டுங்கள்.

புது ஆன்டிவைரஸ் போட்டேன். மறுநாள் இன்பாக்ஸ் மொத்தமும் மாயம்!

எம்பாக்ஸ் பற்றி மேலே சொன்னது நினைவிருக்கிறதா? இன்பாக்ஸ் முழுதும் ஒரே ஃபைல். அதற்குள் ஒரு மெயிலில் வைரஸ் இருந்தாலும், ஆன்டிவைரஸ் கண்ணுக்கு அந்த முழு ஃபைலும் குற்றவாளி. தூக்கி உள்ளே வைத்துவிடும். அதன் 'குவாரன்டைன்' பட்டியலில் பாருங்கள், 'இன்பாக்ஸ்' என்ற பெயரில் இருக்கும், 'ரீஸ்டோர்' கொடுங்கள். அடுத்து தண்டர்பேர்ட் ப்ரொஃபைல் ஃபோல்டரை (உங்கள் மெயிலும் செட்டிங்ஸும் கிடக்கிற ஃபோல்டர்) ஆன்டிவைரஸின் விலக்குப் பட்டியலில் சேருங்கள். அட்டாச்மென்டைத் திறக்கும்போது ஆன்டிவைரஸ் எப்படியும் சோதிக்கும்.

புது கம்ப்யூட்டர் வாங்கியாச்சு. பழசுல உள்ளத எப்பிடிக் கொண்டு போக?

எல்லாம் ஐமேப் என்றால் புதியதில் கணக்கைச் சேர்த்தாலே மெயில் வந்துவிடும். லோக்கல் ஃபோல்டர், ஃபில்டர், முகவரிப் புத்தகம் எல்லாம் வேண்டுமென்றால் ப்ரொஃபைல் ஃபோல்டரையே கொண்டுபோக வேண்டும். 'ஹெல்ப்' மெனுவில் 'ட்ரபுள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' போனால் அந்த ஃபோல்டரைத் திறக்கிற பொத்தான் இருக்கும். திறந்ததும் தண்டர்பேர்டை மூடிவிட்டுக் காப்பி எடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த காப்பி பல சமயம் ஓட்டையாக இருக்கும். இதுவே பேக்கப் எடுக்கும் முறையும். மாதம் ஒருமுறை செய்தால் போதும்.

இரண்டு இடத்தில் இடறும். பழைய பென் டிரைவ் 'ஃபேட்32' முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைலை ஏற்காது. பெருத்துப்போன இன்பாக்ஸ் அதில் நிற்காது. காம்பாக்ட் செய்துவிட்டு எடுங்கள், அல்லது டிரைவை 'என்டிஎஃப்எஸ்' ஆக்குங்கள். அடுத்தது, புதிய பதிப்பில் ஓடிய ப்ரொஃபைலைப் பழைய பதிப்பு திறக்க மறுக்கும். விண்டோஸ் 7-ல் ஓடுகிற கடைசிப் பதிப்பு 115. ஆகவே 7-ல் இருந்து 11-க்குப் போவது சுலபம். திரும்பி வருவது நடக்காது.

வேலைய விட்டுட்டுப் போன பையனுக்க கம்ப்யூட்டர்ல மட்டும் ஆறு வருச மெயில் கெடக்கு, சர்வர்ல ஒண்ணும் இல்ல. இத திரும்ப மேல ஏத்த முடியுமா?

முடியும். அவர் பாப்பில் ஓட்டியிருக்கிறார் (ஐமேப், பாப் பதிலைப் பாருங்கள்). முதலில் மேலே சொன்ன மாதிரி ப்ரொஃபைலைக் காப்பி எடுத்துத் தனியே வையுங்கள், இதைத் தாண்டாதீர்கள். பாப் கணக்கை நீக்காதீர்கள்; அதே முகவரியை ஐமேப்பாக இன்னொரு கணக்காகச் சேருங்கள். ஐமேப் பக்கம் 'பழையவை' என்று ஒரு ஃபோல்டர் உண்டாக்கி, பாப் இன்பாக்ஸில் இருந்து மெயில்களைப் பிடித்து ரைட் கிளிக்கில் 'காப்பி' கொடுங்கள். 'மூவ்' வேண்டாம், நடுவில் லைன் அறுந்தால் எது போயிற்று எது போகவில்லை என்று தெரியாது.

ஆறு வருடத்தையும் ஒரே வீச்சில் ஏற்றாதீர்கள், ஒரு மாத மெயிலாக ஏற்றுங்கள். ஜிமெயில் ஐமேப் வழியாக ஒரு நாளைக்கு 500 எம்பி வரைதான் ஏற்றவிடும். தாண்டினால் கணக்கு கொஞ்ச நேரம் முடங்கும். நாலு ஜிபி இருந்தால் எட்டு ஒன்பது நாள் ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஏறிய ஒவ்வொரு மாதத்துக்கும் எண்ணிக்கை இரண்டு பக்கமும் ஒத்து வருகிறதா என்று ஒரு தாளில் குறித்து வாருங்கள். எல்லாம் ஒத்துவந்த பிறகு பாப் கணக்கை எடுத்துவிடலாம். அந்தக் காப்பி எடுத்த டிஸ்கை மட்டும் வேறு வேலைக்குக் கொடுத்துவிடாதீர்கள்.